இளவரசியின் கல்யாணமும் என் முக்காலியும்

எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா போவே என்கிற ஊரில் தோல் பதனிடுகிறவர். கல்யாணப் பதிவேட்டில் பாதிரியார் விரல் வைத்த இடத்தில் அவர் ஒரு சிலுவை போட்டார், அம்மா பக்கத்தில் இன்னொரு சிலுவை போட்டாள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் சின்னக் கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கும். நான் கன்னியாஸ்திரிகளிடம் ஒன்பது வருஷம் இலவசமாகப் படித்தேன். இலவசம் என்றால், தினமும் கோயில் தரையைத் துடைத்துவிட்டுப் படித்தேன். லத்தீன் கொஞ்சம், சரித்திரம் நிறைய, கோபம் அதைவிட நிறைய.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, 'பாவம், படிக்காத கழுதை' என்று யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாது.

படிப்பு முடிந்ததும் அரண்மனையில் வேலை கிடைத்தது. இளவரசி செலஸ்தீனுக்கு வாசகி. இளவரசி, அரசருடைய ஒன்றுவிட்ட தம்பி மகள். தினமும் மூன்று மணிக்கு நான் அவருக்குப் புத்தகம் வாசிக்க வேண்டும். நான்கு வருஷத்தில் பதினோரு வரி வாசித்திருக்கிறேன்.

நான் சோம்பேறி இல்லை. புத்தகம் அலமாரியிலிருந்து நேராக என் கைக்கு வர முடியாது. நூலகக் காவலர் எடுத்துப் பணிப்பெண்ணிடம் கொடுப்பார். அவள் தூசி தட்டித் தலைமைத் தோழியான மதாம் தெ குர்சானிடம் கொடுப்பாள். மதாம் அதை இளவரசியிடம் காட்டி, இளவரசி தலையசைத்த பிறகு என்னிடம் வரும். அதற்குள் மதாமைவிட உயர்ந்த சீமாட்டி யாராவது உள்ளே நுழைந்துவிட்டால், புத்தகம் கொடுக்கும் உரிமை அவளுக்குப் போய்விடும். புத்தகம் அலமாரிக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து புறப்படும். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று சீமாட்டிகள் வந்தார்கள், ஒருத்தியைவிட ஒருத்தி உசத்தி. புத்தகம் அன்று நடந்த தூரத்துக்கு பாரிசுக்கே போயிருக்கலாம்.

அது ஒரு கடற்பயணக் கதை. பதினோராவது வரியில் மாலுமிகள் நங்கூரத்தை எடுக்கப் போகிறார்கள். நான்கு வருஷமாக எடுக்கப் போகிறார்கள்.

"ஏண்டி படிச்சவளே, இன்னிக்காவது கப்பல் கெளம்புச்சா?" என்று ஜாகோத் கேட்பாள். பின்மாடிப்படி வழியாக வெந்நீர் சுமக்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது வாளி.

"கிளம்பல."

"நல்லதாப் போச்சு. கெளம்பியிருந்தா உன் வேலை முடிஞ்சிருக்கும்."

அந்த நான்கு வருஷமும் நான் நின்றேன். இளவரசி முன்னால் சீமான் மனைவிகளில் சிலர் மட்டும் முக்காலியில் உட்காரலாம். மற்றவர்கள் நிற்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிட்டது. இரவு அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டே நான் ஜாகோத்திடம் சொற்பொழிவு ஆற்றுவேன். மனுஷன் உட்கார்வதற்கு உரிமைப் பட்டயம் கேட்கிற நாடு உருப்படாது என்பேன். ரோமாபுரியில் எப்படி என்று சொல்வேன். அவள் குறட்டை விடுவாள்.

இளவரசிக்குக் கல்யாணம் பேசுவது மரியாதை அலுவலகத்தின் வேலை. அதன் தலைவர் முசியே தெ வில்பரோல். மெலிந்த மனிதர், மூச்சைக்கூட வரிசைப்படி விடுவார். அவருக்குக் கீழே முப்பத்தோரு குமாஸ்தாக்கள். ஏழு வருஷத்தில் ஆறு வரன்களைப் பார்த்து ஆறையும் மரியாதையோடு அனுப்பிவைத்திருந்தார்கள்.

முதல் நான்கு வரன்களும் படத்தால் போயின. வரன் வீட்டுக்கு இளவரசியின் படம் அனுப்ப வேண்டும் அல்லவா? அலுவலக விதிப்படி, முதன்முதலாக முத்திரையிடப்பட்ட படம் எதுவோ அதைப் போலத்தான் பிறகு வரையப்படும் படங்களெல்லாம் இருக்க வேண்டும். முதல் படத்துக்கு முத்திரை வைத்தபோது இளவரசிக்கு ஒன்பது வயது. இருபத்துமூன்றாம் வயதிலும் ஓவியர் எதிரே நின்று அவரைப் பார்த்துக்கொண்டே, கையில் பொம்மை வைத்திருக்கும் ஒரு குழந்தையை வரைந்தார். இத்தாலியப் பிரபு ஒருவர் பணிவாகப் பதில் எழுதினார்: குழந்தை மிக அழகு, வளரும்வரை காத்திருக்கிறோம், அதற்குள் பொம்மைக்கு ஒரு கவுன் அனுப்புகிறோம்.

கவுன் வந்தது. அதை யார் வாங்கி யார் கையில் கொடுப்பது என்று அலுவலகம் ஆறு வாரம் விவாதித்தது.

ஐந்தாவது வரன் பேச்சு நடக்கும்போதே செத்துப்போனார். அரண்மனை துக்கம் காக்க வேண்டும், ஆனால் எத்தனை நாள்? மாப்பிள்ளைக்கு ஒரு கணக்கு, அந்நியருக்கு ஒரு கணக்கு. "பாதி மாப்பிள்ளை" என்று வில்பரோல் தீர்ப்புச் சொன்னார். இளவரசி இடது கையில் மட்டும் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். ஆறாவது வரன் அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு, தொற்று நோய் என்று நினைத்துத் திரும்பிப் போனார்.

இப்போது இளவரசிக்கு இருபத்துநான்கரை. எங்கள் ஊர்களில் இருபத்தைந்து ஆகியும் கல்யாணமாகாத பெண்ணுக்கு, நவம்பரில் புனித கத்தரீன் திருநாளன்று மஞ்சளும் பச்சையுமாக ஒரு தொப்பி வைத்துக் கேலி செய்வார்கள். அரண்மனையில் கேலி கிடையாது. அன்று கல்யாணப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டு, தூரத்து மடம் ஒன்றுக்குத் தலைவியாக அனுப்பிவிடுவார்கள். வண்டிகூட ஏற்பாடாகிவிட்டது. வண்டி விஷயத்தில் மட்டும் அலுவலகத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஏழாவது வரன் கிரைபன்தால் என்ற சின்ன ஜெர்மானிய நாட்டின் இளவரசர் எபர்ஹார்ட். மூன்று மலை, ஓர் ஆறு, அவ்வளவுதான் நாடு. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். அலுவலகத்துக்கு எழுதாமல் இளவரசிக்கே கடிதம் எழுதினார். அது எப்படியோ வெந்நீர் வாளிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மதாம் தெ குர்சான் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தபோது இளவரசி அதை என்னிடம் நீட்டினார். "பெரின், மெதுவா வாசி. இதுக்கு யாரும் வரிசையில நிக்க வேண்டாம்."

நான்கு வருஷத்தில் நான் முழுதாக வாசித்த முதல் எழுத்து அது. குதிரையிலிருந்து விழுந்து கால் நொண்டுவதாக எழுதியிருந்தார். கோட்டை பழசு, மழை பெய்தால் கதவெல்லாம் ஊறிக்கொள்ளும், காலால் உதைத்துத்தான் திறக்க வேண்டும், ஒரே ஒரு வாயிற்காவலர்தான் இருக்கிறார், அவருக்கும் காது கேட்காது, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றிருந்தது.

இளவரசியின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"உதைச்சுத் திறக்கணுமாம், பெரின்."

"ஆமாம்மா."

"கைப்பிடி எப்படி இருக்கும்?"

"எந்தக் கைப்பிடி?"

"கதவோட கைப்பிடிதான். நான் தொட்டதே இல்லை. யாராவது ஒருத்தர் திறந்துடறாங்க. சூடா இருக்குமா?"

"சில்லுன்னு இருக்கும்மா. குளிர்காலத்துல ஒட்டிக்கும்."

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு," என்றார் இளவரசி. "மடத்துக்குப் போனா அங்கயும் எனக்குன்னு ஒருத்தி கதவு திறப்பா. நான் இவர்கிட்டப் போயிடறேன்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவரசர் பெண் பார்க்க வரத் தயார் என்றார். எதில் உட்கார்வார் என்று அலுவலகம் கேட்டது. நாடாள்கிறவர் என்பதால் கைவைத்த நாற்காலி தர வேண்டும் என்றார் அவருடைய தூதர். மூன்று மலைக்குக் கைவைத்த நாற்காலி தர முடியாது, சாய்மானம் மட்டும் உள்ள நாற்காலிதான் என்றார் வில்பரோல். கடிதங்கள் எட்டு மாதம் போய் வந்தன. கடைசியில் சமரசமாக ஒரே ஒரு கை வைத்த நாற்காலி செய்யச் சொன்னார்கள். தச்சர் செய்தார். வலது கையா இடது கையா என்பதில் பேச்சு முறிந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. தாழ்வாரத்தில் வில்பரோலை மறித்து, "முசியே, ஒரு நாற்காலியை விட்டுக் குடுத்தா என்ன ஆயிடும்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "மதுமசேல், இன்னிக்கு நாற்காலியக் குடுத்தா நாளைக்கு என்ன கேப்பாங்க? பொண்ணையே கேப்பாங்க."

"அதுக்குத்தானே முசியே வர்றாரு?"

"அது எங்க பிரிவு இல்ல. நாங்க கல்யாணம் பேசறவங்க. கல்யாணம் நடத்தறது வேற பிரிவு. அந்தப் பிரிவுல எனக்குத் தெரிஞ்சு இருபது வருஷமா யாரும் இல்ல."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து ஜாகோத்திடம் அரை மணி நேரம் கத்தினேன். "கத்து கத்து," என்றாள். "வாளி தூக்கிக்கிட்டே கத்து."

இளவரசர்தான் வழி கண்டுபிடித்தார். இளவரசராக வராமல் வேறு பெயரில், சாதாரணப் பிரபுவாக வருகிறேன் என்றார். பெரிய இடத்து ஆட்கள் சங்கடம் தீர எப்போதும் செய்வதுதான். பிரபு என்றால் நாற்காலிக் கேள்வியே இல்லை, நிற்க வேண்டியதுதான். அலுவலகத்தால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு பயம் வந்தது. வரப்போகிறவருக்கோ நொண்டிக் கால். இளவரசி அறையில் ஏதாவது இருக்கை காலியாகக் கிடந்து, அதில் அவர் உட்கார்ந்துவிட்டால்? எந்த இருக்கை, யார் என்ற நிலையில் உட்கார்ந்தார்? சாம்ராஜ்யமே ஆடிப்போகுமே.

இளவரசியின் நாற்காலியை விட்டுவிட்டு, அந்த அறையிலிருந்த மற்ற நாற்காலிகளையெல்லாம் துடைக்க வேண்டும் என்று சொல்லி எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு முக்காலி மட்டும் மிஞ்சியது. நீலப் பட்டு, தங்க நூல் குஞ்சம். அது சீமான் மனைவிகளுக்கானது, பதிவேட்டில் இருப்பதால் நகர்த்த முடியாதாம்.

அன்று காலை வில்பரோலே என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டுவது இங்கே அநாகரிகம். இடது சுண்டுவிரல் நகத்தால் சுரண்ட வேண்டும். என் கதவை அதுவரை யாரும் சுரண்டியதில்லை. உதைப்பதுதான் வழக்கம்.

"மதுமசேல் பெரின்," என்றார். கையில் ஒரு சுருள், சிவப்பு முத்திரை. "உங்க படிப்பை இந்த அரண்மனை ரொம்ப நாளா கவனிச்சுக்கிட்டு வருது. இன்னியிலேருந்து வாசகிக்கு முக்காலி உரிமை. அது உங்க பேர்ல பதிவாயிடுச்சு. வேற யாரும் அதுல உட்காரக் கூடாது. உட்கார்ந்தா அவமானம் உங்களுக்கு இல்ல, படிப்புக்கு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூக்கு ஒழுக அழுதேன். அவர் போனதும் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்: 'அப்பா, உங்கள் மகள் உட்காரப் போகிறாள்.' அதை அவருக்குப் பாதிரியார்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

ஜாகோத் பட்டயத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "ஏண்டி, நாலு வருஷமா குடுக்காதவன் இன்னிக்குன்னு பாத்து ஏன் குடுக்குறான்?"

"என் படிப்புக்கு."

"உன் படிப்பு நேத்தும் இருந்துச்சே."

"உனக்குப் பொறாமை, ஜாகோத்."

"இருக்கும்," என்றாள். "எனக்கு வாளி கவுத்துப் போட்டா போதும், உக்காந்துக்குவேன்." வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணி. மதாம் தெ குர்சானை இளவரசி ரிப்பன் தேர்ந்தெடுக்க அனுப்பியிருந்தார். விதிப்படி தேர்ந்தெடுத்தால் மாலையாகிவிடும். கை வைத்த நாற்காலியில் இளவரசி. எதிரே முக்காலியில் நான். பட்டு வழுக்கியது. குஞ்சம் கெண்டைக்காலைத் தொட்டது, சரியாக நரம்பு புடைத்த இடத்தில். நான் நேராக உட்கார்ந்திருந்தேன். என் முதுகு அவ்வளவு நேராக ஞானஸ்நானத்தில்கூட இருந்திருக்காது.

பின்கதவைச் சுரண்டும் சத்தம். ஜாகோத் ஓர் உயரமான மனிதரை உள்ளே விட்டாள். மழையில் நனைந்த தொப்பி, சிவந்த பெரிய காதுகள், நொண்டிக் கால். வணங்குவதற்காக நான் எழுந்து ஓரமாக நின்றேன்.

"படத்துல பொம்மை ஒண்ணு இருந்துச்சே," என்றார் எபர்ஹார்ட். அதுதான் அவருடைய முதல் வார்த்தை.

இளவரசி சிரித்தார். "அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. கவுன்கூட வந்துது."

அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். கதவுகளைப் பற்றித்தான். சமையலறைக் கதவுக்குத் தோள் வேண்டும், தோட்டத்துக் கதவுக்கு முழங்கால் போதும் என்றார் அவர். எந்தக் கதவை முதலில் திறக்கலாம் என்று இளவரசி கேட்டார். "மார்ச் மாசம் வாங்க, எல்லாமே இறுகிக் கெடக்கும், உங்க இஷ்டத்துக்கு உதைக்கலாம்," என்றார். கால் மணி நேரத்தில் ஏழு வருஷ வேலை முடிந்துவிட்டது. எனக்கே கண் கலங்கியது.

அப்போது அவருடைய முகம் வெளுத்தது. பின்மாடிப்படி அறுபது படி. தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும், கால் கேக்க மாட்டேங்குது. இதுல கொஞ்சம்..."

"உட்காருங்க, உட்காருங்க," என்றார் இளவரசி.

அவர் என் முக்காலியில் உட்கார்ந்தார். ஈர அங்கி நீலப் பட்டின் மேல் படிந்தது. ஒரு குஞ்சம் நசுங்கியது.

எனக்குள்ளே யாரோ கத்தினார்கள். கத்தியது வெளியே என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எழுந்திருங்க! அது வாசகியோட முக்காலி!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வருஷம் படித்தவள், நிறுத்தத் தெரியாதா? பட்டயத்தை இடுப்பிலிருந்து எடுத்து விரித்தேன். அதை மடித்து இடுப்பில் வைத்திருந்தேன், ஆமாம். "பதிவான உரிமை இது! பிரபுன்னா உங்களுக்கு இதுல உட்கார உரிமை இல்ல. இளவரசர்னா, இளவரசர் வாசகியோட முக்காலியில உட்கார்றது உங்களுக்கே கேவலம்! நீங்க பிரபுவா, இளவரசரா? சொல்லுங்க!"

"பெரின்," என்றார் இளவரசி மெதுவாக.

இளவரசர் என்ற சொல் காதில் விழுந்தால் இரண்டு கதவையும் விரியத் திறக்க வேண்டியது வெளியே நிற்கும் வாயிற்காவலரின் கடமை. எங்கள் வாயிற்காவலருக்குக் காது நன்றாகவே கேட்கும். முன்கதவு இரண்டும் திறந்தன. அங்கே வில்பரோல் நின்றுகொண்டிருந்தார், இரண்டு குமாஸ்தாக்களோடு, எழுதுகோலை மையில் தோய்த்தபடி.

"இளவரசே," என்று தரைவரை குனிந்தார். "நீங்க வந்திருக்கறது இப்பத்தான் எங்களுக்குத் தெரிய வருது. வந்துட்டதால வரவேற்கணும். வரவேற்கணும்னா நாற்காலி முடிவாகணும். நாற்காலி முடிவாகல. அதனால நீங்க இன்னும் வரல. வராதவர் இளவரசியார் அறையில இருக்க முடியாது."

"நான்தான் உட்காரச் சொன்னேன்," என்றார் இளவரசி.

"இளவரசியார் யார்கிட்டச் சொல்லியிருக்க முடியும்? இங்கதான் யாருமே வரலையே. இருந்தாலும் ஒரு வருத்தமான விஷயம். வராதவரா இருந்தாலும் அவர் வாசகி முக்காலியில உட்கார்ந்திருக்கார். அது முன்னுதாரணம். இனி அவரோட அந்தஸ்து அந்த முக்காலிதான். வாசகி அந்தஸ்துல இருக்கறவருக்கு அரச வம்சத்துப் பொண்ணைப் பேச எங்களுக்கு அதிகாரம் இல்ல."

குமாஸ்தாக்கள் எழுதினார்கள்.

எபர்ஹார்ட் எழுந்தார். வில்பரோலைப் பார்க்கவில்லை. இளவரசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிக்கணும் மதுமசேல், உங்களோடதுன்னு தெரியாது," என்றார். கேலி இல்லை. நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார். குஞ்சத்தை விரலால் நீவி நேராக்கிவிட்டுப் போனார். இளவரசர் என்று தெரிந்துவிட்டதால் பின்மாடிப்படி கூடாதாம். பெரிய படிக்கட்டு வழியாக, எல்லோரும் வரிசையாக நின்று பார்க்க, நொண்டிக்கொண்டே இறங்கினார்.

வில்பரோல் போகும்போது என் அருகில் நின்றார். "உங்கள நம்பித்தான் முக்காலிய அங்க விட்டு வெச்சோம். சீமான் பொண்டாட்டிங்க இரக்கப்பட்டு எழுந்து எடம் குடுத்திருப்பாங்க. புதுசா உட்கார்ந்தவங்க குடுக்க மாட்டாங்க."

ஜாகோத் ஒரு வாரம் என்னைக் கேலி செய்யவே இல்லை. கப்பலைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எபர்ஹார்ட் அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதினார். வராதவர் கடிதம் எழுத முடியாது என்று அலுவலகம் இரண்டையும் திருப்பி அனுப்பியது.

கத்தரீன் திருநாளன்று மழை. வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. இளவரசி கறுப்பு அங்கியில் நின்றார், இரண்டு கையிலும் கையுறை. நான் அழவில்லை, அழுவதற்கு எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெரின், ஒண்ணு கேக்கட்டுமா? உட்கார்ந்தது எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருந்துச்சும்மா."

அவர் தலையசைத்தார். "இருந்திருக்கும். நாலு வருஷம் நின்னியே," என்றார். வாயிற்காவலர் கதவைத் திறந்தார்.

இப்போது பிப்ரவரி. இளவரசி போனதால் வாசகி வேலை இல்லை. ஆனால் முக்காலி பதிவேட்டில் இருக்கிறது, பதிவான முக்காலி ஆளில்லாமல் இருக்கக் கூடாது. அதனால் தினமும் மூன்று மணிக்குப் போய், காலி நாற்காலிக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முதுகு நேராகத்தான் இருக்கிறது.

போன வாரம் வாளிக்கு அடியில் ஒரு கடிதம் வந்தது. இளவரசியின் கையெழுத்து. மடத்தில் தலைவி வைத்ததுதான் சட்டமாம். கதவு திறக்கிற சகோதரியைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டாராம். 'கைப்பிடி நீ சொன்னபடியே இருக்கிறது, பெரின். விரல் ஒட்டிக்கொண்டது. தோல் கொஞ்சம் போய்விட்டது. நம் கப்பல் புத்தகத்தை நானே வாசித்து முடித்தேன். முப்பதாம் பக்கத்தில் மூழ்கிவிடுகிறது. இங்கே பிள்ளைகள் இருபது பேர் இருக்கிறார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நீளமாக ஒரு மரப் பலகை போட்டிருக்கிறோம், எல்லோரும் அதில்தான் உட்கார்கிறோம். வா.'

"போறியா?" என்றாள் ஜாகோத்.

"போகணும்."

"எப்போ?"

அது கொஞ்சம் சிக்கல். மார்ச் மாதத்தோடு முக்காலி உரிமை காலாவதியாகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும், கடைசி நாள் நாளைக்கு. மையும் தாளும் எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். இளவரசிக்கு இன்றே பதில் எழுதிவிடுவேன். முதலில் இந்த மனுவை முடித்துவிடுகிறேன்.